ரஜாய்க்கும் செய்கூலி உண்டு

ஆர்.கே.புரத்திலும் அக்கம்பக்கத்து செக்டார்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு,

தீபாவளிப் புகை அடங்குவதற்குள் தில்லியில் ரஜாய்ப் பேச்சு தொடங்கிவிடும். பரணிலிருந்து பெட்டியை இறக்குவது, கட்டிதட்டிப்போன பஞ்சை மறுபடி அடித்து வாங்குவது, ஊரிலிருந்து வரப்போகும் பெரியவர்களுக்குப் புதிதாக ஒன்று எடுத்து வைப்பது என்று வீட்டுக்கு வீடு ஒரு வேலை இருக்கும். மார்கழிக் குளிருக்குப் பஞ்சு நிரப்பிய கனத்த ரஜாய் இல்லாமல் ஆகாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களுக்குப் பழைய சேலைகளை அடுக்கி நெருக்கமாகக் கைத்தையல் ஓட்டிய மெல்லிய போர்வை போதும். வங்காளத்தில் அதற்குக் காந்தா என்று பெயர். பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. காந்தாவும் நம் 'கந்தை'யும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள்தாம். இந்த இரண்டாம் வகைப் போர்வையைப் பற்றியே எழுதுகிறேன். தில்லி ஹாட்டிலோ ஒரு கைவினைக் கண்காட்சியிலோ இதை விரித்துக் காட்டி விலை சொன்னதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "பழைய துணிதானே, இதற்கா இவ்வளவு?" என்பது. பேரம் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எந்தக் கணக்கிலிருந்து எழுகிறதோ அந்தக் கணக்கு தப்பு.

நகைக்கடையில் நாம் இப்படிக் கேட்பதில்லை. தங்கத்தின் அன்றைய விலை ஒரு வரி, செய்கூலி ஒரு வரி, சேதாரம் ஒரு வரி என்று ரசீதைப் பிரித்துப் படிக்கத் தமிழ் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று ஒரு கடை விளம்பரம் செய்தால், அதை எங்கே சேர்த்திருக்கிறான் என்று சந்தேகப்படவும் நமக்குத் தெரியும். வேலைக்கு ஒரு விலை உண்டு, அதைப் பொருளின் விலையிலிருந்து தனியே எழுதிக் காட்ட முடியும் என்ற அறிவு நமக்குப் பழையது. வேடிக்கை என்னவென்றால், நகையில் பொருளின் விலை மலை, செய்கூலி மடு. அங்கே கூலியைக் கவனமாகப் பார்க்கிறோம். கைத்தையல் போர்வையில் பொருள் மடு, செய்கூலிதான் மலை. இங்கே கூலி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு மடுவை மட்டும் அளந்து விலை கேட்கிறோம். கைத்தையல் போர்வைக்கும் செய்கூலியைத் தனி வரியாக எழுதிக் காட்டச் சொல்லி, வாங்குகிற நாம் கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்தச் செய்கூலி எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் போதும். ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டத்தையல் என்றால் அகலவாக்கில் 240 வரிசைகள். ஒவ்வொன்றும் 90 அங்குலம். மொத்தம் 21,600 அங்குலம், அதாவது 600 கஜம். அங்குலத்துக்கு 5 தையல் என்றால் 1,08,000 தையல்கள். ஊசியில் நாலைந்து மடிப்பாகக் கோத்து இழுக்கத் தெரிந்த, பழகிய கை நிமிடத்துக்கு 30 தையல் போடும் என்று தாராளமாகவே வைத்தாலும் 3,600 நிமிடம், 60 மணி நேரம். நூல் கோப்பது, அடுக்குகள் நழுவாமல் முதலில் கரடாகத் தைத்துப் பிடிப்பது, ஓரம் மடிப்பது, பூவோ மீனோ யானையோ போடுவது எதுவும் இதில் சேரவில்லை. எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் ஏழரை நாள். தில்லி அரசு 2025 ஏப்ரல் முதல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, தொழில்திறன் உள்ளவருக்கு நாளொன்றுக்கு 862 ரூபாய், திறன் தேவைப்படாத வேலைக்கு 710 ரூபாய். ஏழரை நாளை 862ஆல் பெருக்கினால் 6,465 ரூபாய் வருகிறது. துணி, நூல், போக்குவரத்து, கடை வாடகை எல்லாம் இதற்கு மேல். இப்போது இதே போர்வையைப் பேசிப் பேசி 2,500 ரூபாய்க்கு வாங்கிவிட்டதாகப் பெருமைப்படும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். துணிக்கும் நூலுக்கும் 700, பயணத்துக்கும் கடைக்கும் 300 என்று கழித்தால் மிச்சம் 1,500. அறுபதால் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய், நாளுக்கு 200. திறனே தேவையில்லை என்று அரசு சொல்லும் வேலைக்கான கூலியில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே நான் எடுத்துக்கொண்ட வரிசை இடைவெளியையும் வேகத்தையும் நீங்கள் மாற்றிப் போடலாம். எவ்வளவு மாற்றினாலும் 'பழைய துணிதானே' என்ற வாக்கியத்துக்கு இடம் கிடைக்காது.

தில்லிக் கூலியைக் கொண்டு பீகார்க் கிராமத்துப் போர்வைக்கு விலை போடலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுஜனி பெரும்பாலும் முசாபர்பூர் மாவட்டத்தில் பூஸ்ரா என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் தைக்கப்படுகிறது. அங்கே வீட்டு வாடகையும் காய்கறியும் முனிர்க்கா விலை இல்லை. சரி, கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் செய்கூலி மட்டும் 3,200 ரூபாயைத் தாண்டுகிறது. பூஸ்ராவின் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்காகப் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த துணிதான் முதலில் சுஜனி. அது விற்பனைச் சரக்காக இருந்ததில்லை. வழக்கொழிந்துகொண்டிருந்த அந்தத் தையலுக்கு 1988இல் மறுபடி உயிர் கொடுத்தவர், பாட்னாவில் 'அதிதி' என்ற அமைப்பை நடத்திய விஜி சீனிவாசன். பூஸ்ரா பெண்கள் மகிளா விகாஸ் சகயோக் சமிதி என்று ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். வரதட்சணை, பெண் சிசுக் கொலை, குடிகாரக் கணவன் என்று தங்கள் வாழ்க்கையையே துணியில் படமாகத் தைத்தார்கள். பின்னர் புவிசார் குறியீடு வந்தது. 2025இல் அந்த ஊரின் நிர்மலா தேவிக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவை எல்லாம் பெயருக்குக் கிடைத்த மரியாதை. புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு பெயரை யார் பயன்படுத்தலாம் என்று காக்கும். அந்தப் பெயரில் விற்கும் பொருளைத் தைத்தவருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆக, குறியீடு ஒட்டிய போர்வையை வாங்கிவிட்டதால் நம் கடமை முடிந்தது என்று நினைக்க முடியாது.

இன்னொரு வாதம் கொஞ்சம் நாசூக்கானது. "அந்தப் பெண்கள் வீட்டு வேலை முடிந்து ஓய்ந்த நேரத்தில்தானே தைக்கிறார்கள்? சும்மா இருக்கும் நேரத்தில் எது வந்தாலும் லாபம்தானே?" என்பது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024இல் கண்டது: வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அடுப்பிலும் துவைகல்லிலும் போனபின் எஞ்சுவதை ஓய்வு நேரம் என்று நாம்தான் பெயர் வைக்கிறோம். போர்வை தைக்கும் நேரம் உறக்கத்திலிருந்து வெட்டி எடுத்தது. சட்டமும் இந்த வாதத்தை ஏற்றதில்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பொருளை வாங்கிப்போய்த் தன் வீட்டிலேயே தைத்துத் தரும் வேலையாளையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் சேர்த்தது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வேலையை எந்த இன்ஸ்பெக்டர் போய்ப் பார்ப்பார்? வீட்டிலிருந்து உழைப்போருக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவும் இல்லை.

சட்டத்தில் எழுதியிருப்பது கைக்கு வர என்ன பாடு என்பதற்கு, ரஜாய்த் தொழிலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அகமதாபாத்தின் தரியாபூரில், துணி ஆலைகளின் கழிவுத் துண்டுகளை ஒட்டுப்போட்டுக் 'கோள்' என்னும் ரஜாய் உறை தைத்துக்கொண்டிருந்தார்கள் ஏழை முஸ்லிம் பெண்கள் பலர். துண்டுத் துணியை வியாபாரி கொடுப்பார்; தைத்த உறையை எண்ணி வாங்கிக்கொண்டு உறைக்கு இத்தனை பைசா என்று தருவார். எலா பட் 1972இல் தொடங்கிய 'சேவா' சங்கம் எழுபதுகளின் பிற்பகுதியில் இவர்களைத் திரட்டிக் கூலி உயர்வு கேட்டது. கேட்டவர்களுக்குத் துண்டு கொடுப்பதை வியாபாரிகள் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அந்தப் பெண்கள் 'சபீனா' என்ற பெயரில் சொந்தக் கூட்டுறவு ஒன்றை அமைத்து, துணியைத் தாங்களே வாங்கித் தைத்து விற்க வேண்டியதாயிற்று. இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். ஓர் உறை தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்கு எவ்வளவு வருகிறது என்பது வியாபாரிக்கும் தைப்பவருக்கும் நன்றாகத் தெரியும். தெரியாத ஒரே ஆள், அந்த ரஜாயைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர். அவருக்கும் தெரிந்திருந்தால் கேட்க மூன்றாவதாக ஒரு வாய் இருந்திருக்கும்.

"விலையைக் கூட்டிக் கொடுத்தால் தைத்தவளுக்கா போகிறது, கடைக்காரனுக்குத்தானே போகும்?" இது எல்லா ஆட்சேபங்களிலும் வலுவானது. இதை மறுக்க நான் தயாராக இல்லை. மெஹர்சந்த் மார்க்கெட் போன்ற இடங்களில் கண்ணாடி அலமாரிக்குள் தொங்கும் காந்தாப் போர்வையின் விலைச்சீட்டைப் பார்த்து, இதில் பாதியாவது பீகாருக்கோ வங்காளத்துக்கோ போயிருக்கும் என்று நம்புவதற்கு நமக்கு ஆதாரம் ஏதும் தரப்படுவதில்லை. 'கையால் தைத்தது' என்ற சீட்டும் உதவாது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலிருந்த பழைய அமெரிக்கப் போர்வைகளின் வடிவங்களை நகலெடுத்துச் சீனாவில் தைத்து விற்க உரிமம் கொடுத்தது. 1992இல் அந்த நாட்டுப் போர்வைத் தையல்காரர்கள் கையெழுத்து வாங்கிப் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்தச் சீனப் போர்வைகளும் கையால் தைத்தவையே! அங்கே இருந்தது கைக்கும் எந்திரத்துக்குமான சண்டை அல்ல. ஒரு கையின் கூலியைக் காட்டி இன்னொரு கையின் கூலியைச் சிறுமைப்படுத்திய தகராறு. மொத்த விலையை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. செய்கூலி தனி வரியாக இருந்தால் தெரியும். கடைக்காரர் தன் வாடகைக்கும் உழைப்புக்கும் நியாயமான பங்கு எடுக்கட்டும். அதையும் எழுதிக் காட்டட்டும். தங்கத்தில் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து அடையாள எண் பொறித்திருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாக்க முடிந்த நாட்டில், ஒரு போர்வையின் மூலையில் 'இத்தனை மணி நேரம், இத்தனை ரூபாய்' என்று ஒரு நாடா தைப்பது பெரிய காரியம் இல்லை.

வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் அரசு அலுவலகங்களில் இருப்பவர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் இருக்கும் ஜி.எஸ்.டி. பொதுப் பட்டியலின்படி 2,500 ரூபாய் வரையிலான பருத்தி ரஜாய்க்கு 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஆடம்பரம் விலையில் தெரியும் என்பது இதன் பின்னே உள்ள எண்ணம். எந்திரத்தில் பூ வேலை செய்த ஐந்து நட்சத்திர விடுதிப் போர்வைக்கு அது பொருந்தலாம். நம் கணக்கில் வந்த போர்வையின் விலை உயர்ந்ததற்கு ஒரே காரணம் அதில் அடங்கிய கூலி. 7,000 ரூபாய்க்கு விற்றால் வரி 1,260 ரூபாய், அதாவது தைத்தவரின் ஏறக்குறைய ஒன்றரை நாள் சம்பளம். தைத்தவருக்குச் சரியான கூலி கொடுத்த கடைதான் மேல்படிக்கு ஏறும். கூலியை அமுக்கி 2,499க்கு விற்பவர் கீழ்ப்படியில் சுகமாக இருப்பார். ஆண்டு விற்பனை பதிவு வரம்புக்குள் இருக்கும் சிறு கைவினைஞரிடம் நேரடியாக வாங்கினால் இந்த வரி வராது என்பது ஓர் ஆறுதல். கண்காட்சிகளில் நேரே அவர்களிடம் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஏழாயிரம் ரூபாய் கொடுத்து எத்தனை குடும்பம் போர்வை வாங்கும்? வாங்காவிட்டால் தைப்பவருக்கு இருந்த இருநூறும் போய்விடாதா? இந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. முதலாவதாக, எல்லாரும் கைத்தையல் போர்வை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சரோஜினி நகரில் கிடைக்கும் எந்திரத் தையல் ரஜாய் குளிரைத் தாங்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு மிச்சத்தில் வாழும் குடும்பத்துக்கு அதுவே சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்திர ரஜாயின் விலைக்குக் கைத்தையலைக் கேட்பதுதான் தவறு. இரண்டாவதாக, கைத்தையலிலேயே விலைக்குப் பல படிகள் உண்டு. கால் அங்குலத்துக்கு ஒரு வரிசை என்பதை அரை அங்குலமாக்கினால் வேலை 30 மணி நேரமாகவும், தில்லிக் கூலிப்படியே செய்கூலி சுமார் 3,230 ரூபாயாகவும் இறங்கும். ஓர் அங்குலம் என்றால் 15 மணி நேரம், சுமார் 1,620 ரூபாய். பஞ்சு நிரப்பிய ஜெய்ப்பூர் ரஜாயில் தையல் இப்படி அகலமாகத்தானே ஓடுகிறது? குறைந்த பணத்துக்குக் குறைந்த தையல் கேட்பது நேர்மையான பேரம். குறைந்த பணத்துக்கு முழுத் தையலும் கேட்கும்போது பழகிய கைகள் ஒவ்வொன்றாகத் தொழிலை விட்டுப் போகின்றன. எஞ்சுபவர்கள் வேகத்துக்காகத் தையலை நீட்டிப் போடுகிறார்கள். பிறகு "இப்போதெல்லாம் வேலை சுத்தமாக இல்லை" என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம். மூன்றாவதாக, காஞ்சிபுரம் பட்டுக்கு ஒரு கல்யாணத்தில் நாம் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். தறியில் போன நாட்களைச் சொல்லியே அந்த விலையை நமக்குப் புரியவைத்திருக்கிறார்கள். கைத்தறிக்கு 1985இல் ஓர் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. போர்வைத் தையலுக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு கிடையாது. சொல்லிப் புரியவைக்க ஆளில்லாத பொருளுக்குச் சந்தையில் விலை மட்டும் தானாக ஏறிவிடாது.

இதையெல்லாம் ஏன் குறிப்பாக ஆர்.கே.புரத்துக்காரர்களுக்கு எழுதுகிறேன்? இந்தக் குடியிருப்புகள் அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டவை. உங்கள் சம்பளத்தின் அடித்தளத்தில் ஒரு துணிக் கணக்கு இருக்கிறது. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்தின் தேவைக்கான கூலியைக் கணக்கிட உணவு, வாடகை, எரிபொருளுடன் ஆண்டுக்கு 72 கஜம் துணியையும் சேர்த்தது. ஏழாவது ஊதியக் குழு 18,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாகப் பரிந்துரைத்தபோதும் அந்த மாநாட்டின் அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் பின் விலைவாசி ஏற ஏற, ஜனவரியிலும் ஜூலையிலும் பஞ்சப்படி திருத்தப்படுகிறது. வாழ்க்கைச் செலவிலிருந்து கூலியைக் கணக்கிட வேண்டும் என்ற கொள்கையின் பலனை இந்த ஊரைப்போல் அனுபவித்த இடம் குறைவு. 600 கஜம் தையல் ஓட்டும் பெண்ணுக்கு அந்தக் கொள்கையில் பாதியைக் கேட்கிறோம், அவ்வளவுதான். பஞ்சப்படிகூட வேண்டாம், முதலில் மணிக்கணக்கு.

கேட்க வேண்டிய இடமும் தூரத்தில் இல்லை. கைவினைப் பொருள்களுக்கான மத்திய அரசின் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் பல ஆண்டுகளாகச் செயல்பட்டுவந்தது இதே ஆர்.கே.புரத்தின் வெஸ்ட் பிளாக்கில்தான். கைவினைஞர்களுக்குப் 'பெஹ்சான்' அடையாள அட்டை கொடுப்பதும், காந்தி சில்ப் பஜார் போன்ற கண்காட்சிகளுக்கு நிதி தருவதும் அந்த அலுவலகம்தான். பொதுப் பணத்தில் நடக்கும் கண்காட்சிகளில் விற்கும் ஒவ்வொரு கைத்தையல் போர்வையிலும் தைத்த நேரத்தையும் செய்கூலியையும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லி நீங்கள் மனு எழுதலாம். மனு எழுதுவதில் இந்த வட்டாரத்தை மிஞ்ச ஆளில்லை! செக்டார் 5இல் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, செக்டார் 7இல் மலை மந்திர் இருக்கிறது. பத்து குடும்பம் சேர்ந்தால் ஒரு தையல் குழுவிடம் மொத்தமாகச் சொல்லிவைத்து, சித்திரையில் முன்பணம் கொடுத்துக் கார்த்திகையில் போர்வையை வாங்கலாம். முன்பணம் கைக்கு வந்தால், துணிக்காக வியாபாரியிடம் கடன் வாங்கி அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிய நிலைமை தைப்பவருக்கு வராது. தரியாபூர்ப் பெண்களுக்கு அந்த நாளில் கிடைக்காதது அதுதான்.

இந்தக் குளிருக்கு அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால், கடையில் போர்வையைத் திருப்பிப் பாருங்கள். பொதுவாக எந்திரத் தையல் இருபுறமும் விடாத கோடாக ஓடும். கைத்தையலில் முன்னும் பின்னும் சின்னச் சின்ன இடைவெளி விட்டு, கொஞ்சம் ஏறியிறங்கி இருக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை தையல், ஒரு சாணில் எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். வீட்டில் அளவு நாடா இல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? எண்ணி முடித்ததும் விலையைக் கேட்காமல், "இதைத் தைக்க எத்தனை நாள் ஆயிற்று? செய்கூலி எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் தெரியாது என்று விற்பவர் சொன்னால், தெரிந்துகொண்டு சொல்லுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமை போகவும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கம்பக்கத்தில் ஒருவர்